ஆறப்போட்ட தண்ணீர்

கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று
சரக்கு வண்டியின் ஐம்பத்தெட்டுப் பெட்டியும் போன பிறகு
எத்திராஜ் வீட்டுக்கு வருகிறார்.
சைக்கிள் ஹேண்டில்பாரில் காற்றடைத்த பாலித்தீன் பை,
உள்ளே எட்டு கப்பி மீன்.
கொளத்தூரில் ஜோடி நாற்பது சொன்னானாம்,
முப்பத்தைந்துக்கு முடித்தாராம்.
குறைத்ததைத்தான் முதலில் சொல்வார்,
வாங்கியதை அப்புறம்.

நான் வாயைத் திறக்கவில்லை.
ஏற்கெனவே பழைய ஃபிரிட்ஜின் காய்கறி டப்பாவில்
ஒரு கூட்டம் நீந்துகிறது.
டிவி ஸ்டாண்டில் டிவி இல்லை, மூன்று தொட்டி.
பத்தாவது பரீட்சைக்கு என் மகள் சம்யுக்தா
ஒளிவிலகல் படிப்பது அந்த வெளிச்சத்தில்தான்.
பென்சிலைத் தண்ணீரில் விட்டு
வளைகிறதா என்று பார்க்கிறாள்;
தின்ன முடியுமா என்று
மீன்களும் வந்து பார்க்கின்றன.

செவ்வாயும் வெள்ளியும் லாரித் தண்ணீர்.
ரயில்வே காம்பவுண்டுப் புங்க மரம்
வரிசையில் வைத்த குடங்களுக்குள்
பங்குனி முழுக்கப் பூவைக் கொட்டுகிறது.
ஊதி விலக்கிவிட்டுப் பிடிக்கிறோம்.
குளோரின் நெடி மூக்கில் ஏறும்.
நமக்கு அது பரவாயில்லை,
மீனுக்கு மட்டும்
ஒரு நாள் முழுக்க ஆறப்போட வேண்டும்.
"குளிக்கவே காணோம், மீனுக்கு ரெண்டு கொடமா?"
லோகாம்பாள் கேட்டது தெருமுனை வரை கேட்டது.
அடுத்த வாரம் அவளே வந்தாள்,
இடுப்பில் பையன், கையில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்.
"நல்ல வாலா பாத்து ரெண்டு குடு."

அப்படித்தான் பரவியது.
இஸ்திரி வண்டிக் கம்பியில் ஒரு பாட்டில்,
மைமூன் வீட்டு ஜன்னலில் ஒன்று,
கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று
சர்ச் பின்னால் சிமெண்ட் தொட்டியில் ஒரு கைப்பிடி.
ஞாயிற்றுக்கிழமை காலையில்
வளர்ந்த ஆம்பளைகள் நாலு பேர்
ஒரு வால் சிவப்பா ஆரஞ்சா என்று
சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனார்கள்.

அறிவியல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி
ஒன்பதே முக்காலுக்குக் கரண்டு போனது.
காற்று மோட்டாரின் குளுகுளு நின்றதும்தான்
இத்தனை நாள் வீட்டில்
அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது.
கொஞ்ச நேரத்தில் மீனெல்லாம் மேலே வந்து
வாயை வாயைத் திறந்தன.
கூட்டம் அதிகம், காற்று பத்தவில்லை.
எத்திராஜ் டம்ளரில் மொண்டு மொண்டு ஊற்றினார்,
கை நடுங்கியது.
ஜோடி முப்பத்தைந்து என்று சொன்ன அந்த வாய்
ஒன்றும் சொல்லவில்லை.

"தள்ளுண்ணே" என்று உள்ளே வந்தார்
டீக்கடை பாண்டுரங்கன்,
கடையைச் சாத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.
இரண்டு ஜக்கு கேட்டார்.
செல்போன் டார்ச் வெளிச்சத்தில்
ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை இடுப்புக்குக் கீழ்,
ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர் இழுத்து
டீ ஆற்றுவதுபோல் ஆற்றினார்.
சொட்டு சிந்தவில்லை.
நுரை பூத்தது.
"சக்கரை எவ்ளோ?" என்றார் மீன்களைப் பார்த்து.
மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில்
கண்ணாடித் துண்டும் கோணமுமாகப் படித்துக்கொண்டிருந்த பெண்
அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவருக்குக் கை விட்டுப்போனது.
இஸ்திரிக்காரர் ஆற்றினார், பாதி தரையில்.
அப்புறம் நான்.
மூன்று மணிக்கு நோன்புச் சமையலுக்கு எழுந்த மைமூன்
தன் மகனை அனுப்பினாள்:
"சும்மா முழிச்சிட்டுத்தானே இருக்கான், ஊத்தட்டும்."
தலையில் தொப்பியோடு அந்தப் பையன்
விடியும் வரை ஊற்றினான்.

ஆறு மணிக்குக் கரண்டு வந்தது.
ஒன்று செத்திருந்தது, சாம்பல் நிறத்தது.
காய்கறி டப்பா மூலையில்
கடுகளவில் என்னவோ துடித்தது.
ஒரு கப்பி ராத்திரியோடு ராத்திரியாகக்
குட்டி போட்டிருக்கிறது.
சம்யுக்தா எண்ணினாள்: இருபத்துமூன்று.
ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு
திரும்பி வந்து எண்ணினாள்: இருபத்தாறு.

அவள் போனதும்
எத்திராஜ் தாடையைத் தடவிக்கொண்டு
அடுப்படிப் பக்கமே பார்த்தார்.
"தொட்டி பத்தாது போலிருக்கே..."

அவர் கண் போன இடத்தில்
என் இட்லிக் குண்டான்.
எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.